குளிரில் வலிக்காது

சுவர்க்கோழி மாவு கலந்த முறுக்குக்குக் கறுப்பு எள்தான் சேர்க்க வேண்டும். மாவின் பழுப்பு நிறம் அதில் மறைந்துவிடும். ஓமம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் வாசனையும் தெரியாது. வாக்குமூலம் கேட்டால் இவன் பலகாரம் சுடச் சொல்லித் தருகிறானே என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். விஷயம் முறுக்கில்தான் தொடங்குகிறது.

என் பெயர் கண்ணுச்சாமி. வயது ஐம்பத்து மூன்று. விளாங்குடியில் வீடு. பயிரைத் தின்னும் பூச்சிகளை எப்படிக் கொல்வது என்று இருபது வருடம் ஆராய்ந்தேன். மனிதர் தின்னும் பூச்சிகளை எப்படி வளர்ப்பது என்று அடுத்த பதினோரு வருடம். கீழக்குயில்குடி போகும் வழியில் எங்கள் பண்ணையை நீங்களே பார்த்தீர்கள். அடுக்கிவைத்த முட்டை அட்டைகளுக்குள், ராத்திரியில் கிரீச்சிடுமே அந்தச் சுவர்க்கோழிப் பூச்சிகள், இரண்டு லட்சம். வளர்ந்ததும் ஒருநாள் பட்டினி போடுவோம். பிறகு தட்டோடு குளிரறைக்குள் வைப்போம். அங்கே மைனஸ் இருபது. அடங்கியதும் வேகவைத்து, உலர்த்தி, அரைத்தால் மாவு.

பண்ணைக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதுகளுக்கு வலிக்காதா? வலிக்காது. குளிரில் தூங்கிவிடும். பதினோரு வருடத்தில் ஒரு பூச்சிகூடக் கதவுப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

செல்லக்கிளி பண்ணையில் பூச்சி எச்சம் சலிக்க வந்தவள். நல்ல வாய். "கோழிப் பண்ணைன்னு சொல்லித்தான் வீட்டுல விட்டாக. இங்க வந்து பாத்தா ஒரு கொண்டையயும் காணோம்" என்பாள். என் உதவியாளன் சூரியபிரகாஷ் ஒருநாள் அவளுக்கு இறால் தொக்கு நீட்டினான்.

"வேணாந்தம்பி. போன வருசம் ரெண்டே ரெண்டு தின்னேன். மூஞ்சி எம்புட்டு வீங்கிப்போச்சுங்கிற? எம்புருசனே 'வாங்க, யாரைப் பாக்கணும்'னு கேக்குறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலையில் அதைக் குறித்து வைத்தேன். கேட்டதைக் குறித்து வைப்பது என் பழக்கம்.

எங்கள் மாவைப் பள்ளிப் பிள்ளைகளின் சிற்றுண்டியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு குழு வரவிருந்தது. அதற்கு முன் ருசி பார்த்தாக வேண்டும். பூச்சி என்று சொல்லிக் கொடுத்தால் நாக்குக்கு முன்னால் மனசு தின்றுவிடும். அது சோதனை ஆகாது. ஆகவே தங்கை மகளுக்கு நிச்சயம் என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு வேலையாட்கள் எட்டுப் பேருக்கு அந்த மாவு முறுக்கைக் கொடுத்தேன். நிச்சயத்துப் பலகாரத்தை எங்கள் பக்கம் யாரும் வேண்டாம் என்பதில்லை. எனக்குத் தங்கை கிடையாது.

ஏழு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். செல்லக்கிளி மூன்று தின்றாள். பதினாறாவது நிமிடம் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் கறுத்து, நாக்கு தடித்து, சலித்த எச்சத்தின் மேலேயே விழுந்து காலை உதைத்தாள். ஆஸ்பத்திரியில் என்ன தின்றாள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, அவளுக்கு இழுப்பு உண்டு என்றேன். அரை மணி நேரத்தில் இறந்தாள். மாலை வாங்கிப் போட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்துச் சூரியபிரகாஷ் என் நோட்டை எடுத்துவந்தான். எட்டுப் பெயர்கள். ஆறாவது பெயருக்கு எதிரே என் கையெழுத்தில்: 'இறால் ஒவ்வாது. கவனிக்க.'

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா, சார்?"

"சாகும்னு தெரியாதுப்பா. இறாலுக்கும் நம்ம பூச்சிக்கும் ஓடு ஒரே சாதி. இறாலுக்கு வீங்குனவுகளுக்கு இதுக்கும் வீங்குமான்னு பாக்கணும்ல. நாளைக்குப் பிள்ளைகளுக்குக் குடுக்கப் போறோம்."

"அந்தக்கா வீட்லயும் ரெண்டு பிள்ளைக இருக்கு சார்." நோட்டை மூடினான். "திங்கக்கெழம ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களா வந்து சொன்னா உங்களுக்கு நல்லது."

நியாயமான பையன். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் அவன் பேசினால் மாவு போய்விடும். சோறும் ரசமும் மட்டும் தின்று சூம்பிக் கிடக்கும் பிள்ளைகளை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வரமாட்டார்கள். காலை பத்தரைக்கு அவனைக் குளிரறையிலிருந்து கடைசித் தட்டை எடுத்துவரச் சொன்னேன். குளிரில் போன் அணைந்துவிடும் என்பதால், உள்ளே போகிறவர்கள் அதை வெளி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அவனும் வைத்தான். உள்ளிருந்து திறக்கும் குமிழ் பழுது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். பழுதில்லை. சனிக்கிழமை நானே திருகிக் கழற்றினேன். என் ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கிறது.

முதலில் சிரித்துக்கொண்டே தட்டினான். பிறகு கையால், பிறகு காலால், பிறகு இரும்புத் தட்டால். என்றும் சார் என்பவன் பத்தாவது நிமிடத்தில் அண்ணே என்றான். "அண்ணே, தொறங்கண்ணே. யார்ட்டயும் சொல்லலண்ணே." இருபதாவது நிமிடம் தோளால் மோதினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

நாற்பதாவது நிமிடம் திறந்து பார்ப்பது எங்கள் முறை. எல்லாம் அடங்கிவிட்டதா என்று தெரிய வேண்டும். ஒரு சாண் திறந்தேன். அவன் கையை வெளியே நீட்டினான். பலமாகச் சாத்தினேன். இடையில் நான்கு விரல்கள் இருந்தன. மறுபடி சாத்த வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை தாழ் விழுந்தது. இரண்டு விரல்கள் என் பக்கம் விழுந்தன. எச்சக் கூடையில் போட்டுவிட்டு, கதவின் ரப்பரைத் துடைத்தேன்.

ஒன்றரை மணிக்குச் சத்தம் நின்றது. மூன்று மணிக்குத் திறந்தேன். கதவை ஒட்டிக் குறுகிப் படுத்திருந்தான். பிள்ளை தூங்குவது போலத்தான் இருந்தது.

சூரியபிரகாஷைக் கொன்றது நான். செல்லக்கிளியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் துடித்துச் செத்தான் என்று மட்டும் எழுத வேண்டாம்; அது தவறான தகவல். குளிரில் வலிக்காது. கதவின் உள்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினீர்கள். பெயிண்ட் உரிந்து, மேலிருந்து கீழே நீளமாக இறங்கும் அந்தக் கீறல்கள் வெகுநாளாக இருக்கின்றன, மேடம். அவை சுவர்க்கோழிகள் கீறியவை.