பன்றிக்குப் பின்னால் இருந்த வீடு

"பன்னி எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம் மச்சான். அதுக்குப் பின்னால எவ்வளவு தூரம்னுதான் தெரியணும்."

அந்தமானில், ரங்கத்திலிருந்து மாயாபந்தர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னார். கைப்பேசியில் தூரம் அளக்கும் லேசர் கருவிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான்.

"அறுநூறு மீட்டர் அளக்கறதை வாங்கவா, ஆயிரம் மீட்டரா?"

"அரே, உன் லைசென்ஸ் துப்பாக்கி நாப்பது மீட்டருக்கு மேல வேலைக்கு ஆவாது. ஆயிரம் எதுக்கு?"

"ரவை அதுக்கு மேலயும் போவுதே! போன வாரம் வயல்ல பன்னியைப் பார்த்துச் சுட்டேன். பக்கத்து வயல் பெங்காலிக்காரர் தகரக் கூரையில கடகடன்னு விழுந்துச்சு. இன்னொரு தடவை விழுந்தா லைசென்ஸைப் பிடுங்க வச்சிடுவேன்னுட்டார். அது போனா நெல்லு பூரா பன்னிக்குத்தான். என் வரப்புல நின்னே அவர் வீடு எவ்வளவு தூரம்னு அளந்துடணும்."

"நடந்து போய் அளக்கறதுக்கென்ன?"

"எந்த முகத்தோட போறது? இன்னும் மன்னிப்பே கேக்கல."

"அப்ப மன்னிப்பு கேக்கப் போ. போறப்ப அடியை எண்ணிக்கிட்டே போ."

 அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"வெறுங்கையோடவா போறது மச்சான்?"

"மீன் வாங்கிக்க. ஆனா வாசல் போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே, எண்ணிக்கை தப்பிடும்."

மாயாபந்தரில் இறங்கியதும் இருவரும் மீன் கடைப் பக்கம் நடந்தார்கள். மொத்தம் எத்தனை அடி என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது.