ஐன்ஸ்ரைன் கேட்ட அரசாங்கம்

— ஸ்ரெல்லா ரீச்சர், நாளைக்குப் பள்ளிக்கூட விஞ்ஞான விழாவில பேசேக்கை, எழுதி வைச்சிருக்கிறதில அந்த ஒரு பந்தியை மட்டும் விட்டிடுங்கோ.

— எந்தப் பந்தி, தில்லைநாதன் சேர்?

— தெரியாத மாதிரிக் கேளுங்கோ! முழு உலகத்துக்கும் ஒரே அரசாங்கம் வேணுமெண்டு ஐன்ஸ்ரைன் கேட்டவர் எண்டது.

— கேட்டவர்தானே?

— கேட்டிருக்கட்டும். நீங்கள் சார்புக் கொள்கையைச் சொல்லிப்போட்டு இறங்குங்கோவன்.

— பிள்ளையள் அதையோ கேக்குதுகள்? “அணுகுண்டு செய்தது அவர்தானே ரீச்சர்?” எண்டெல்லோ கேக்குதுகள். அவர் செய்யேல்லை எண்டாவது சொல்லவேண்டாமோ? அது விழுந்த பிறகு, படையெல்லாம் ஒரு பொது அரசாங்கத்திட்டை இருக்கோணுமெண்டு...

— இதுதானே றேடியோவில அமெரிக்காக்காரர் சொல்லுற புதிய உலக ஒழுங்கு?

— ஐயோ சேர்! அது பெரியாக்கள் சின்னாக்களுக்குப் போடுற ஒழுங்கு. இவர் கேட்டது பெரியாக்களுக்கும் மேலை ஒரு சட்டம்.

— உங்களோடை கதைச்சு வெல்லேலாது. ரீச்சர்... நாங்கள் தனிநாடு கேக்கிற இடம் இது. முன்வரிசையில இயக்கப் பொறுப்பாளர் இருப்பார்.

— இருக்கட்டுமன்.

— ஆனையிறவுச் சண்டையில வெடிக்கிற சத்தம் இஞ்சை கேக்குது. இந்த நேரத்தில...

— இந்த நேரத்திலதான் சேர். என்ரை தம்பி மெல்ரொன் வலை இழுக்கப் போனவன். நடுக்கடலில நேவி, இயக்கம் ரெண்டு பகுதியும் சுட்டது. ஆரின்ரை வெடி பட்டுச் செத்தவனெண்டு இண்டைக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பந்தியை நான் வெட்டமாட்டன்.

— கோவிக்காதேங்கோ. நேற்றுப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டவர். அந்தப் பேச்சு இருந்தால் விழா இல்லையாம். உங்களை நிப்பாட்டுறது என்ரை பொறுப்பாம்.

— தெரியும்.

— தெரியுமோ? எப்பிடி?

— காலமை நானே அவரிட்டைப் போனனான். அவர்தான் சொன்னவர். நீங்கள் வாய் திறந்து சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.

— கடவுளே... அவரோடையும் சண்டை பிடிச்சனீங்களோ?

— இல்லை. விழா நடக்கட்டும், நான் மேடையில ஏறேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

— அப்பாடா! அப்ப பந்தியும் இல்லை.

— மேடையிலதான் இல்லை, சேர். இண்டைக்கு எல்லா வகுப்பிலையும் அதைத்தான் படிப்பிச்சனான்.