பாதி விலை சிலிண்டர்

வெள்ளிமலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களான இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் சொன்னாள்: "பாதி வெலைக்கு கேஸ் தராங்களாம்க்கா. காலையில மண் அடுப்ப இடிச்சிட்டேன்."

"சிலிண்டர் வந்துடுச்சா?"

"எலக்‌ஷன் முடிஞ்சதும் வருமாம். கட்சிக்காரங்க வூட்டாண்ட வந்து போட்டோ எடுத்துக்கினு போனாங்க."

"இன்னாத்த எடுத்தாங்க?"

"நானு அடுப்ப இடிக்கறத."

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கேஸ் வண்டியே அடிவாரத்தோட நின்னுடுது. பாதி வெலையில மிச்சமாவற காச, சிலிண்டர மேல ஏத்தற ஜீப்காரன் வாங்கிக்குவான். சரி, ராத்திரிக்கு எதுல ஆக்குவ?"

"உன் அடுப்பு இருக்குதேக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்து ஆக்கு. நாளைக்கே மண்ணக் கொழச்சி புது அடுப்பு போட்டுடு. அது காயறதுக்குள்ள ஒண்ணும் வந்துடாது."