சொந்த இன்ஜின் சொந்த இன்ஜின்தான்

...இல்ல, நீங்களே சொல்லுங்க சார், இதுல யாரு மேல தப்பு? வேணாம், சொல்லாதீங்க, வாயைத் திறந்தே வெச்சிருங்க. இன்னும் கொஞ்சம்... ம், அவ்வளவுதான். மரத்துப் போற ஊசி போட்டாச்சு, இனிமே ஒண்ணும் தெரியாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன். சிஸ்டர், லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், மெக்கானிக்கு. காலையிலேர்ந்து போன் மேல போன். ‘டாக்டர், என்ன முடிவு பண்ணீங்க? உள்ள இன்ஜினையே சரி பண்ணவா, வேற இன்ஜின் மாட்டவா?’ இன்னிக்குள்ள சொல்லணுமாம். வண்டியிலேர்ந்து இறக்கி மேசை பூரா பரப்பி வெச்சிட்டு, இடத்தை அடைக்குதுங்கறான். ஊர்ல உள்ளவங்க பல்லையெல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு, இதைக் காப்பாத்தலாம், இதைப் புடுங்கணும்னு பட்டுனு சொல்றவன் சார் நான். சொந்த வண்டின்னு வந்ததும் திருதிருன்னு முழிக்கிறேன்.

பெரிய வண்டியெல்லாம் இல்ல, சின்ன கார்தான். ரொம்ப நாளாவே பின்னாடி நீலமா புகை. சிக்னல்ல நின்னேன்னா, பின்னாடி நிக்கிறவன் அவசர அவசரமா ஜன்னலை ஏத்திக்குவான். முன்னாடி கடகடன்னு ஒரு சத்தம். அதுக்கு நான் என்ன வைத்தியம் பண்ணேன் தெரியுமா? பாட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சேன். வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு நாளைத் தள்ளினேன்னு சொல்றவங்களை இதே நாற்காலியில உக்கார வெச்சு எவ்வளவு திட்டியிருப்பேன். உங்களைக்கூட இப்பத்தான் திட்டினேன். கோச்சுக்காதீங்க.

போன வாரம் மேம்பாலத்து உச்சியில போய் பல்லை இளிச்சிருச்சு. பின்னாடி அத்தனை பேரும் ஹாரன். நானும் என் பொண்ணும் இறங்கித் தள்ளி, அப்புறம் கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் மெக்கானிக்கிட்ட விட்டோம்.

அந்தப் பொண்ணு விஷயம்தான் சார் எனக்கு. அடுத்த மாசம் பக்கத்து ஊர்ல வேலைக்குச் சேர்றா. ரத்தப் பரிசோதனை பண்ற எடம். விடியறதுக்கு முன்னாடியே போய் நிக்கணும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ‘இந்த வண்டியை நீயே வெச்சுக்கோம்மா’ன்னு வள்ளல் மாதிரி சொல்லிட்டேன். இப்பத்தான் ஓட்டவே கத்துக்கிட்டா. இருட்டுல, ஆளில்லாத ரோட்டுல, தனியா, இந்த இன்ஜினை நம்பித்தான் போகணும். நடுவழியில நின்னா என்ன சார் பண்ணும் பிள்ளை?

கையைத் தூக்கறீங்க. உங்களுக்கும் பொண்ணு இருக்கா? அதான பார்த்தேன். பெத்தவங்களுக்குத்தான் இது புரியும். கையைக் கீழ வைங்க.

மெக்கானிக்கு ரெண்டு வழி சொல்றான். உள்ளதையே ரீபோர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு, புது பிஸ்டன், புது ரிங்கு போட்டா மூணு வாரம் ஆகும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணும் தெரியும். இல்லையா, வேற இன்ஜின், நாலு நாள்ல மாட்டிடலாம். எங்கயோ இடிச்சு நசுங்கின வண்டியில கழட்டினது. அதை எவன் ஓட்டினான், எப்படி ஓட்டினான், ஆண்டவனுக்குத்தான் தெரியும். என் மச்சான் ‘தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுங்க மாமா’ங்கறான். அவன் சட்டையில பட்டன் போனாலே வேற சட்டை வாங்கறவன். வீட்டுல கேட்டா, ‘ஏதாவது ஒண்ணைப் பண்ணுங்க, சோத்துக்கு நடுவுல பிஸ்டன் பேச்சு வேணாம்’னுட்டா.

மெக்கானிக்கு என்ன சொல்றான் கேளுங்க. ‘சொந்த இன்ஜின் சொந்த இன்ஜின்தான் டாக்டர். அடிப்பாகம் நல்லாத்தான் இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்?’ எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு யோசிச்சுப் பார்த்தா, நான் சொன்னது சார் அது. ஒரு தடவை இவன் இதே நாற்காலியில உக்காந்து, பல்லைப் புடுங்கிருங்க டாக்டர்னு அழுதான். ‘சொந்தப் பல்லு சொந்தப் பல்லுதான்யா, வேர் நல்லாத்தான் இருக்கு’ன்னேன். உங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன், இல்லையா? என்கிட்ட கேட்டதை என் தலையிலயே கட்டறான் படுபாவி.

அப்போ சரி பண்ணச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்க. நியாயம் அதான். ஆனா எனக்கு என்னமோ வேற இன்ஜினே போட்டுரலாம்னு... சிஸ்டர், முன்னாடி போய் யாராவது வந்திருக்காங்களான்னு பாருங்க. போயிட்டாங்களா? சரி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நீங்க யாருகிட்ட போய்ச் சொல்லப் போறீங்க, உங்க வாய்தான் என் கையில இருக்கே.

அன்னிக்கு இன்ஜின் மேல்மூடியைக் கழட்டினான். உள்ள ஒரே கறுப்பு. ஆயில் இருக்க வேண்டிய எடத்துல தார் மாதிரி அப்பிக் கிடக்கு. விரலால வழிச்சு என் மூக்குக்கு நேரா காட்டி, ‘கடைசியா ஆயில் எப்ப மாத்தினீங்க?’ன்னான். ‘அதெல்லாம் ஒழுங்கா மாத்திருவேனே’ன்னேன். மாத்தினதே இல்ல சார். குறைஞ்சா மேல கொஞ்சம் ஊத்துவேன், அதோட சரி.

அது ஏன்னு கேளுங்க. அவன் ஒவ்வொரு தடவையும் ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க டாக்டர்’னுதான் சொல்லுவான். நானும் வர்றவங்க எல்லாரையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்கன்னுதான் சொல்றேன். யாரு வர்றாங்க? நீங்க வந்தீங்களா? வராதவங்களுக்கெல்லாம் பல்லு கொட்டியா போச்சு? அதே மாதிரி இவனும் தொழிலுக்காக ஒரு பேச்சுக்குச் சொல்றான்னு நினைச்சுட்டேன். தொழில்காரன் பேச்சு தொழில்காரனுக்குத் தெரியாதான்னு ஒரு மிதப்பு. வேற எவனா இருந்தாலும் பயந்துக்கிட்டாவது போயிருப்பான். பல் டாக்டரா இருந்ததால கெட்டேன்.

‘ரெண்டு வேளையும் பல்லு விளக்கறேன் டாக்டர்’னு சொல்றவங்களை நான் ஒரு பார்வை பார்ப்பேன் இல்ல, அப்படியே பார்த்தான் சார் என்னை. அத்தோட என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ‘இப்பல்லாம் பொண்ணுதான் ஓட்டறா’ன்னு சொல்லிட்டேன். பொண்ணு பக்கத்துலயே நிக்கிறா. பாவம், அவ எங்க தெருவைத் தாண்டி ஓட்டினதே அபூர்வம். முகம் சுருங்கிப் போச்சு. அவன்கிட்ட சாரி வேற சொல்றா. நேத்து அவ அம்மாகிட்ட, ‘எனக்கு அந்த வண்டி வேணாம்மா. நான் தொட்டா கெட்டுப் போகுது. அந்த வேலைக்கும் போகலை’ங்கறா. பக்கத்து ரூம்ல இருந்து என் காதால கேட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பேப்பரைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உள்ளதையே சரி பண்ணச் சொன்னேன்னு வைங்க, மூணு வாரமும் அந்தத் தார் அவன் மேசையில கிடக்கும். ‘எப்படிக் கெட்டுதுன்னு நான் பார்க்கணும்ணா’ன்னு என் பொண்ணு அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கா. வேற இன்ஜின் மாட்டிட்டா, பழசு காயலான் கடைக்குப் போயிரும், என் வண்டவாளமும் அதோட போயிரும். இதுக்காகத்தான் சார், பூர்வீகம் தெரியாத ஒரு இன்ஜினை மாட்டி, பெத்த பொண்ணை இருட்டுல அனுப்பப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு அப்பன்.

மறுபடியும் கையைத் தூக்கறீங்க. புரியுது சார். அப்படிப் பண்ணாதடாங்கறீங்க. ரெண்டு கையாலயும் சொல்றீங்க. பெரிய மனசு உங்களுக்கு.

என்ன சிஸ்டர்? போனா? அவனாத்தான் இருக்கும். காதுல வைங்க, என் கையில உறை இருக்கு. கொஞ்சம் திரும்பி நிக்கிறேன்... சொல்லுப்பா. என்னது, பொண்ணு அங்கயா இருக்கா? என்ன பண்றா... துணியை வெச்சு எதைத் துடைக்கிறா? ...அவகிட்ட குடு போனை.

அம்மாடி. அப்பாதான். கையெல்லாம் கறுப்பா இருக்கா? ...ம். அது என்னோடதும்மா. ஆயில் மாத்தாதது நான்தான். வருஷக்கணக்கா மாத்தலை. நீ ஸ்டியரிங்கைத் தொடறதுக்கு முன்னாடியே அது கெட்டுப் போச்சு. நீ ஒண்ணுமே பண்ணலை. உன் பேரை இழுத்து விட்டது தப்பும்மா... என்னது? உனக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னா, இவனா? அன்னிக்கேவா? அப்புறம் எதுக்கு வண்டி வேணாம், வேலை வேணாம்னு அம்மாகிட்ட... ஓ. எனக்குக் கேக்கணும்னுதான் சத்தமா சொன்னியா.

சரிம்மா. உள்ளதையே சரி பண்ணச் சொல்லு. நீயும் கூட இருந்து பாரு. நானும் சாயந்திரம் வர்றேன், எனக்கும் ஒரு துணி எடுத்து வை.

கேட்டீங்களா சார், எமகாதகி, என் பொண்ணுங்கறது சரியாத்தான் இருக்கு. அதனால நம்ம பல்லையும்... சார்? சிஸ்டர், எங்க இவரு? கழுத்துத் துணியோடயா ஓடிட்டாரு? வாயில பஞ்சு இருக்கே. பல்லைத் தோண்டிப் போட்டிருக்கேன், இன்னும் அடைக்கவே இல்லையே. வலிச்சுதா அவருக்கு? அதுக்குத்தான் கையைத் தூக்கினாரா... ஐயோ, நீங்களாவது சொல்லக் கூடாதா?

அவர் நம்பரைப் போடுங்க. உடனே திரும்பி வரச் சொல்லுங்க. டாக்டர் வாயே திறக்க மாட்டாருன்னு சொல்லுங்க. நம்ப மாட்டாருதான். ரெண்டு வேளையும் பல்லு விளக்கறேன்னு அவர் சொன்னதை நான் நம்பினேன்ல, அதே மாதிரி நம்பச் சொல்லுங்க.