படுத்தவனைப் பிடிச்சாங்கள்

படு! படு!

கத்தினது நான்தான். வயிறு மணலில. முகம் மணலில. கை ரெண்டும் தலையில. வாய்க்குள்ள உப்பு. சத்தம் முதல் காலுக்கு வந்தது. பிறகுதான் காதுக்கு. டும். கடலுக்குள்ள வெடிச்சால் அப்பிடித்தான். காலமை. வெயில் வந்திட்டுது. இறக்கக்கண்டிக்கு அங்கால ஒரு கரை. ஊரின்ர பேர் வேண்டாம்.

ஷெல் இல்லை. ஷெல் ஓய்ஞ்சு கனகாலம். இது டைனமைட். மீனுக்கு எறியிறது. எனக்குத் தெரியும். உடம்புக்கு ஆர் சொல்லுறது?

மற்றவங்கள் ஓடுறாங்கள். எல்லாருக்கும் பின்னால கந்தன். என்ர தங்கச்சியின்ர புருசன். எறிஞ்சது அவன். என்ர கண்ணால கண்டனான். கையில இருந்த சாக்கை எனக்குப் பக்கத்தில போட்டிட்டு ஓடுறான். "மச்சான், ஓடு! பொலிஸ்!" எண்டு கத்தினவன். அதையும் சொல்லத்தான் வேணும். நான் எழும்பேல்லை.

ஏன் எழும்பேல்லை? சண்டை நேரம் நானும் தம்பியும் இதே கரையில ஷெல்லுக்குள்ள மாட்டினனாங்கள். நான் படுத்தனான். தம்பி ஓடினவன். ரெண்டு விரலோட எனக்குப் போச்சு. தம்பியைச் சாரத்துணியில அள்ளிக்கொண்டு போனனாங்கள். அண்டைக்குப் படிச்ச பாடம். சத்தம் கேட்டால் படு. எழும்பு எண்டு ஆரும் சொல்லுமட்டும் தலை தூக்காதை.

சொன்னாங்கள். "எழும்பு." சப்பாத்துக் கால். பொலிஸ். சாக்குக்குள்ள போத்தல், திரி, வெடிமருந்து. கரையில ஒரே ஒரு மனிசன். நான். இழுத்துவிட்டிருந்த என்ர படகையும் எஞ்சினோட ஏத்தினாங்கள். கந்தன்ர படகு அதுக்குள்ள அடுத்த கரைக்குப் போயிட்டுது.

பொலிஸ் ஸ்டேசன். சார்ஜன் கிண்ணியா ஆள். பேசினது தமிழ்தான். கதிரை தந்தார். பிளேன்டீ தந்தார். இப்ப விழும், இப்ப விழும் எண்டு தோளை இறுக்கிக்கொண்டு இருக்கிறன். அடி விழேல்லை.

"அண்ணை, இது உங்கட வேலையில்லை எண்டு எனக்கு விளங்குது. ஓடினது ஆர்? சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

பிளேன்டீயைக் குடிச்சனான். திரும்பவும் கேட்டார். சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

சண்டை நேரம் பேர் சொல்லுறது எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு? சுற்றிவளைப்பில வரிசையா நிப்பம். முகத்தை மூடின ஒருத்தன் ஜீப்புக்குள்ள இருந்து தலையை ஆட்டுவான். ஆட்டினால் அந்த ஆள் திரும்பி வராது. அதால எங்கட ஊரில பொலிசுக்குப் பேர் சொல்லுறதும் கொலை செய்யிறதும் ஒண்டு. இந்த மனிசன் உண்மையாத்தான் கேட்டவர். எனக்கு அது பிடிபடேல்லை. காக்கிச்சட்டை கேட்டால் அது பொறிதான் எண்டு இருந்தனான்.

மத்தியானம் மீன்பிடிச் சங்கத் தலைவர் வாறார். சோடா, பணிஸ். முகமெல்லாம் சிரிப்பு. எங்கட ஊரில ஒரு முறை இருக்கு. தங்கூசி வலை, அந்த நைலோன் நரம்பு வலை, தடை. ஆனால் எல்லாரும் அதாலதான் பிடிக்கிறது. வழக்கு வந்தால் சங்கம் கூடி ஒரு ஆளைக் குடுக்கும். அவன் போய் நான்தான் எண்டு சொல்லுவான். தண்டத்தைச் சங்கம் கட்டும். பின்னேரம் அவன் வீட்டை, மற்றவன் கடலில. வெக்கம் ஒண்டும் இல்லை. நானும் ஒருக்கால் போய் வந்தனான்.

"அண்ணை, ஒத்துக்கொள்ளுங்கோ. தண்டத்தோட முடியும். கந்தனுக்குப் பிள்ளையள் சின்னன். உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதோட உங்களுக்கு உள்ளுக்கு இருந்து பழக்கம்தானே."

பழக்கமாம். சண்டை நேரம் என்னைப் பிடிச்சு வைச்சிருந்ததைச் சொல்லுறார். தலைகீழாக் கட்டித் தூக்கினது பழக்கமாம். அண்டைக்கு அவற்ர பணிசை வாங்கித் திண்டிட்டு ஓமெண்டனான்.

என்ர மனுசி ராசமணி பின்னேரம் ஓடி வாறாள். தலைகூட வாரி இழுக்கேல்லை. "விசர் வேலை பாக்காதேங்கோ. வலை வேற, வெடி வேற. வெடிக்குத் தண்டத்தோட விடுவாங்களோ?" அவள் சொன்னது சரி. பொலிஸ், சங்கம், நீதவான் எல்லாரையும் விட அவளுக்குத்தான் விளங்கினது. எறிஞ்சதைக் கண்ட ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு போனாள். வீடு வீடா ஏறினாள். கரையில நிண்டவன் நித்திரையாம். வலை பொத்தினவன் சந்தைக்குப் போனவனாம். தங்கச்சி வீட்டில கதவு பூட்டு. வாசலில செருப்புக் கிடக்கு. உள்ள பிள்ளை அழுற சத்தம் கேக்குது. "மச்சாள், திறவடி, உன்ர அண்ணனுக்காகத் திறவடி" எண்டு கதவில அடிச்சவள். திறக்கேல்லை.

வந்து சொன்னாள். நான் நம்பேல்லை. ஊர் கைவிடாது எண்டு அவளுக்குப் புத்தி சொன்னனான்.

அடுத்த நாள் ரவுண் கோடு, நீதவானுக்கு முன்னால. கூண்டுக்குள்ள நிக்கிறன். குற்றவாளியா, சுற்றவாளியா எண்டு கேக்கினம். சங்கத் தலைவர் பின் வாங்கில இருக்கிறார். சேட்டுப் பொக்கற்றில தண்டக் காசு. ராசமணி கதவடியில நிண்டு கையால வேண்டாம், வேண்டாம் எண்டுறாள். சார்ஜன் நிலத்தைப் பாக்கிறார்.

"குற்றவாளி, ஐயா."

தண்டம் இல்லை. வெடிமருந்தாம். மறியல். சிறையில வருசக் கணக்கு. படகும் எஞ்சினும் அரசாங்கத்துக்கு. தலைவர் எழும்பினார். திரும்பிப் பாக்கேல்லை. கொண்டுவந்த காசை அப்பிடியே கொண்டுபோனார். ராசமணி போட்ட சத்தம் மட்டும் கேட்டது. அழுகை இல்லை. ஊரைத் திட்டினாள்.

மறியல். கிழமைக்கு ஒருக்கால் அவள் பஸ்ஸில வருவாள். சீனி வருத்தக்காரி. நிலாவெளி ரோட்டால நிண்டுகொண்டே வருவாள். காலில ஒரு புண். செருப்பு வெட்டினதாம். அடுத்த முறை துணி சுத்தியிருந்தாள். அதுக்கடுத்த முறை அழுகி மணந்தது. ஆசுப்பத்திரிக்குப் போ எண்டு கெஞ்சினனான். "போனால் உங்களை ஆர் பாக்க வாறது?" எண்டாள். ஊரில ஒருத்தனும் வந்து பாக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு கிழமை அவளும் வரேல்லை.

அவளின்ர செத்த வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனாங்கள். கையில விலங்கு. பந்தல் போட்டிருக்கு. கதிரை அடுக்கியிருக்கு. எல்லாம் சங்கத்தின்ர செலவு. ஊர் திரண்டு நிக்குது. பாடையின்ர முன் பக்கம் கந்தன் தூக்கினவன். தங்கச்சி ஓடி வந்து என்ர கழுத்தைக் கட்டிக்கொண்டு "அண்ணா, அண்ணா" எண்டு கதறினாள். விலங்கு இருந்தது. தள்ளி விட ஏலாமல் போச்சு. அவளின்ர கண்ணீர் என்ர சேட்டில பட்டது. அருவருத்தது.

மறியல் முடிஞ்சு வெளியில வந்திட்டன். அதே ஊர்தான். வேற எங்க போறது? ஒருத்தரும் கெட்டவையில்லை. கண்டால் "அண்ணை, சாப்பிட்டியளோ" எண்டு கேக்கினம். கந்தன் ஒரு நாள் மீன் கொண்டுவந்து வாசலில வைச்சிட்டுப் போனான். நாய்க்குப் போட்டன்.

பொலிஸ் எல்லாம் அந்தச் சார்ஜன் மாதிரி எண்டு சொல்ல வரேல்லை. சண்டை நேரம் அடி வாங்கின என்ர கால் முட்டியைக் கேளுங்கோ, வேற கதை சொல்லும். ஆனால் அண்டைக்கு என்னட்டை உண்மையைக் கேட்டது அந்த ஒரு மனிசன்தான். பொய்யைக் கேட்டது என்ர சனம்.

சண்டையில போனது: தம்பி. வீடு. ரெண்டு விரல்.

சமாதானத்தில போனது: ராசமணி. படகு. எஞ்சின். தங்கச்சி.

தங்கச்சி உயிரோடதான் இருக்கிறாள். நாலு வீடு தள்ளி. அவளையும் சேத்துத்தான் எண்ணுறன்.