வலது விரல் மை

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. எம்பொண்ணு விரல்ல நீ வெச்ச மையை நீயே அழி.

— அழியாதுக்கா. போலியோ சொட்டு மருந்து குடுத்தா வெக்கிற அதே மை. மொதல்ல உக்காருங்க. யாரு நீங்க?

— வீரம்மா. அஞ்சாவது படிக்கிற ஆர்த்தியோட அம்மா. கொல்லையில மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கினு இருந்தவ, கை மண்ணைக்கூட கழுவாம ஓடியாந்து நிக்கிறேன்.

— ஆர்த்தியா? தங்கமான புள்ளையாச்சே. தொறன்னதும் வாயைத் தொறந்துச்சு. கடைவாய்ல ரெண்டு பல்லு சொத்தை.

— இருந்துட்டுப் போவட்டும். அதை ஏன் ஊருக்கே சொன்ன?

— நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலியேக்கா.

— உன் மை சொல்லுச்சே. பல்லு நல்லா இருந்தா இடது சுண்டுவிரல்ல வெக்கிற. சொத்தைன்னா வலதுல வெக்கிற. புள்ளைங்க இன்னா மாங்கா மடையனுங்களா? இன்டர்வெல்லு மணி அடிக்கறதுக்குள்ள கண்டுபுடிச்சிடுச்சிங்க. எம்பொண்ணு தண்ணிக் குழாயாண்ட போனா, ‘சொத்தை வருது, எச்சி ஒட்டிக்கும்’னு தொரத்துதுங்க. என்னையும் இதே குழாயாண்ட தொரத்துனவங்க ஊருதான் இது. அப்ப வேற காரணம் சொன்னாங்க. எம்பொண்ணையும் தொரத்தணுமா?

— சத்தியமா நான் அதை நெனச்சே பாக்கலக்கா. நாளைக்குத் திண்டிவனத்துலேர்ந்து டாக்டர் வர்றாரு. சொத்தை இருக்கிற புள்ளைங்களை மட்டும் சட்டுனு பிரிச்சுப் பாக்கணும்னு அப்படி வெக்கச் சொன்னாங்க.

— அவரு ஜல்தியா வூட்டுக்குப் போவணும்னு எம்பொண்ணு படிப்பை விட்டு நிக்கணுமா? நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு குந்திக்கினு அழுவுது.

— வேணும்னா பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றேன்.

— அதுவும் ‘சொத்தை, எழுந்து வா’ன்ற மாதிரிதான.

— என் நெலமையும் கொஞ்சம் கேளுங்கக்கா. பல்லு கணக்கெடுக்க இதுவரைக்கும் டாக்டருங்கதான் போவாங்க. எங்கள மாதிரி பல்லு சுத்தம் பண்ற ஹைஜீனிஸ்ட்டுங்கள அனுப்பறது இதான் மொதல் தடவை. விழுப்புரம் ஆபீஸ்ல எங்கள நம்பாத ஆளு நெறைய. ஒண்ணு தப்பாப் போனாப் போதும், அத்தனை பேரையும் ஓரங்கட்டிடுவாங்க.

— அப்போ உன் விரல்லயும் ஒரு மை வெச்சுத்தான் அனுப்பியிருக்காங்கன்னு சொல்லு.

— அப்படித்தான் வெச்சிக்கோங்க. சரி, இப்ப நான் இன்னா பண்ணணும்?

— நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் பண்ணிட்டேன். நீ சாப்பிடப் போனப்ப உன் மை பேனா மேசை மேலதான் கெடந்துச்சு. ஒரு புள்ளையை விடல. இடதுல இருந்தா வலதுல, வலதுல இருந்தா இடதுலன்னு அத்தனை பேருக்கும் ரெண்டு விரல்லயும் வெச்சிட்டேன்.

— ஐயோ, இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க. என் வேலையே போயிடும்க்கா.

— எம்பொண்ணு படிப்பு போறது மட்டும் பரவால்லியா? வேணும்னா என் பேரைச் சொல்லிக்கோ. நான் பயந்தவ இல்ல.

— இருங்க, டாக்டர்தான் கூப்பிடறாரு. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் இங்க கேக்கும். நீங்க பேசாதீங்க. சொல்லுங்க சார்.

— அன்புச்செல்வி, என்னம்மா நடக்குது அங்க? எல்லாப் பிள்ளைங்களுக்கும் ரெண்டு கையிலயும் மை இருக்காம், ஹெட்மாஸ்டர் இப்பத்தான் போன் பண்ணாரு. உங்கள அனுப்பாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாங்களா? யாரு செஞ்ச வேலைன்னு சொல்லு. போலீஸ்ல புகார் குடுத்துடலாம்.

— நான்தான் வெச்சேன் சார். நாளைக்கு அத்தனை வாயையும் பாத்துட்டுத்தான் நீங்க கெளம்பணும்.