வாளி என்று எழுதாதீர்கள்

முதலில் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஞானதாசன். நேற்று உங்கள் கான்ஸ்டபிள் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "வாளி இருக்காரா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி நிலையத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தீப்பிடித்த அன்று மணி அடித்தது வாளி, கதவைத் திறந்தது வாளி, மணலை அள்ளிக் கொட்டியது வாளி என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். டைரக்டர் சுந்தரராஜ் சார் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப்போகிறாராம். அதில் என்ன பெயர் போடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் நீங்கள் கூப்பிடும் முன்னால் நானே வந்துவிட்டேன்.

யுத்த காலத்தில் கொச்சி விமானத் தளத்தில் தீயணைப்புப் படையில் இருந்தவன் நான். அருமனைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே அரசாங்கம் இந்த நிலையத்தைத் திறந்தபோது, தீத்தடுப்பு வேலைக்கு என்னை எடுத்தார்கள். ரப்பருக்குத் தீப்பிடித்தால் லேசில் அணையாது. அதனால் சுவரெல்லாம் சிவப்பு வாளிகள், பாதியில் மணல், பாதியில் தண்ணீர். மூலைக்கு மூலை தீயணைக்கிற சிவப்புக் கூம்பு. வராந்தாவில் ஒரு வெண்கல மணி. இவ்வளவும் என் பொறுப்பு.

அந்த வாளிகளின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் உருளும். உட்காராத வாளியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது. நம்மூர்க்காரர்களை அவனுக்குத் தெரியாது. கொல்லையில் குழி தோண்டி, வாளியைப் பாதி புதைத்து, மாட்டுக்குக் கழுநீர் வைத்திருந்தார்கள். நானே போய்த் தோண்டி எடுத்து வந்தேன். மணல் வாளியில் வெற்றிலை துப்புவார்கள். ஒன்றில் கோழி அடை கிடந்தது. டைரக்டர் சார் தினமும் தன் தொப்பியைச் சிவப்புக் கூம்பின் தலையில்தான் மாட்டுவார். நான் அதைக் கழற்றித் தூசி தட்டி மேசையில் வைப்பேன். மறுநாளும் மாட்டுவார். மறுநாளும் கழற்றி வைப்பேன். பொறுமை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது, ஐயா.

கொச்சியில் எங்கள் மேலதிகாரி ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். எதைச் சோதித்தாலும் மூன்று தடவை சோதிக்க வேண்டும். இரண்டு தடவை சரியாக வந்தது என்று நம்பி விட்டுவிடக் கூடாது. மணியின் நாக்கை மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பேன். கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்த்தாலும் மூன்று தடவைதான். என் மகள் பூங்கனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

டைட்டஸ் சாரைப் பற்றிக் கேட்டீர்கள். பத்மநாபபுரத்துக்காரர். சோதனைக்கூடத்தில் உதவியாளர். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எனக்கு வாளி என்று பெயர் வைத்தவர் அவர்தான். கொக்கியில் தொங்கினால்தான் நிற்கும், இறக்கி வைத்தால் உருண்டுவிடும், நானும் அப்படியாம். ஒரே மாதத்தில் நிலையம் முழுக்க அது பிடித்துக்கொண்டது. சம்பளத்துக்குக் கூப்பிடும்போதும் வாளி, எங்கள் சபைப் பிரசங்கியார் என்னைப் பார்க்க வந்தபோதும் வாளி.

சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு மணியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. முதலில் ஒன்றிரண்டு சனிக்கிழமை எல்லோரும் மரியாதைக்கு எழுந்து முற்றத்துக்கு வந்தார்கள். பிறகு நாற்காலியை விட்டு அசையவில்லை. பதினொரு மணி என்றால் தேநீர் நேரம் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் டைட்டஸ் சார் எந்த அறையில் இருந்தாலும் அங்கிருந்தே கூத்தைத் தொடங்குவார். "ஏலே வாளி, தீ பிடிச்சுலே! ஓடி வா, என்னக் காப்பாத்துலே!" என்று அலறுவார், இருமுவார், கதவைத் தட்டுவார். டைப் அடிக்கிற சத்தியபாய் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துத் தேநீர் புரையேறும். நன்றாகத்தான் நடிப்பார். நானே ஒரு தடவை ஏமாந்து வாளியோடு ஓடியிருக்கிறேன். அதை அவர்கள் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இரணியலில் இருந்து பூங்கனியைக் கேட்டு ஒரு நல்ல இடம் வந்தது. பெண்ணின் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று வேலை செய்கிற இடத்தில் விசாரிக்க இரண்டு பேரை அனுப்பினார்கள். அது முறைதானே, ஐயா. வாசலில் டைட்டஸ் சார் நின்றிருந்தார். "ஞானதாசனா? அப்படி ஒருத்தன் இங்க இல்லியே" என்றாராம். அவர்கள் அடையாளம் சொன்ன பிறகு, "ஓ, நம்ம வாளியக் கேக்கியளா? மண்ணு நெறச்சு மணியடிச்சுச் சம்பளம் வாங்குவான். இன்னைக்கி வரைக்கும் ஒரு பீடி நெருப்பு அணைச்சதில்ல" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்கள்.

பூங்கனி அழவில்லை. "அப்பா, அவிய இனி வரமாட்டாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு, விருந்துக்கு எடுத்து வைத்த வெண்கலப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. டைட்டஸ் சாரிடம் போய், "சார், என்னப் பேரு சொல்லி விளிங்க" என்று கேட்டேன். சிரித்தார். மறுவாரம் கேட்டேன். பேரே மறந்துபோச்சு என்றார். மூன்றாவது தடவை எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அதுக்கு நீ முதல்ல ஒரு தீய அணைச்சுக் காட்டுலே" என்றார். நியாயமான பேச்சு. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பின்பக்கம் ஒட்டுப்பால் அறை இருக்கிறதே, மரப்பட்டையில் காய்ந்து ஒட்டிய ரப்பரைச் சுரண்டி மூட்டையாக அடுக்குகிற இடம். மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல், இரும்புக் கதவு, வெளித்தாழ்ப்பாள். சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில் டைட்டஸ் சார் அங்கே மாதிரி எடுக்கப் போவார். அதற்குக் கொஞ்சம் முன்னால், கனல் பிடித்த கதம்பைத் துண்டு ஒன்றை மூட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, சத்தமில்லாமல் வேலை செய்யும். பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற கொட்டகை இருப்பதால் வாடை யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஒரு சின்னத் தீ. ஒரு முறையாவது இவர்கள் என் மணிக்கு எழுந்து ஓடி வரட்டும் என்றுதான்.

அப்படியானால் ஏன் சனிக்கிழமை, ஏன் பதினொரு மணி, அந்த நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்களே என்று கேட்கிறீர்கள். வேறு நேரத்தில் மணி அடிப்பது விதிக்கு விரோதம், ஐயா.

அவர் உள்ளே போனார். தீப்பிடித்த அறையின் கதவை உடனே சாத்த வேண்டும், காற்று உள்ளே போனால் தீ வளரும். சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். அடுத்தது மணி. அடித்தேன். பிறகு மணல் வாளியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்து நின்றேன். ஒவ்வொன்றும் அதனதன் வரிசையில் செய்தேன். உள்ளே டைட்டஸ் சார் கத்தத் தொடங்கினார். "ஏலே வாளி, தீ பிடிச்சுலே! தொறலே!" இருமினார், கதவைத் தட்டினார். அன்றைக்கு மிக நன்றாகச் செய்தார். அந்தப் பக்கம் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சத்தியபாய் அம்மாவுக்குப் புரையேறியது கூடக் கேட்டது. ஓர் ஆள் வரவில்லை.

நான் கதவில் வாயை வைத்து, மெதுவாக, "பேரு சொல்லி விளிங்க, சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் வாளி, வாளி என்றே கேட்டது. அப்புறம், "ஞானதாசா" என்றார். பெயர் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, பாருங்கள். வாசலில் நின்று அன்றைக்கு அப்படிச் சொன்னவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது சந்தோஷம்தான். பிறகு இன்னொரு தடவை, குரல் கீழே தரைப்பக்கமிருந்து வந்தது. "ஞானதாசன் அண்ணாச்சி." அண்ணாச்சி என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வாளியைக் கீழே வைத்தேன், அது உருண்டு மணல் கொட்டியது. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்ததும் மணல் கொட்டியதும் உள்ளே சத்தம் அடங்கிய பிறகுதான்.

இரண்டு தடவை கேட்டாயிற்று. என் பழக்கத்தைத்தான் உங்களிடம் சொன்னேனே. அவர் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், சத்தியமாக நான் திறந்திருப்பேன், ஐயா.